நகர மன்றத்தில் "வரவேற்கும் நகரம்" தீர்மானம்: விசாவில் இருக்கும் நான் பேசலாமா?

ஓஹியோவாசி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். டேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். கவுன்சிலில் மொத்தமே ஏழு பேர் என்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

'வெல்கமிங் அமெரிக்கா' என்ற அமைப்பின் நகரங்கள் வலைப்பின்னலில் எங்கள் ஊரும் சேரலாமா என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. முதல் வாசிப்பு முடிந்துவிட்டது, அடுத்தது இரண்டாம் வாசிப்பு. பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள். எங்கள் தமிழ் வாட்ஸ்ஆப் குழுவில் "நிறையப் பேர் போய் உட்கார வேண்டும், பட்டுப்புடவை கட்டி வாருங்கள்" என்று செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

தீர்மானத்தின் வரைவை முழுக்கப் படித்தேன். பாதிக்கு மேல் "குடியேறியவர்கள் நம் ஊரை வளப்படுத்துகிறார்கள் என்பதால்", "பன்முகத்தன்மையே நம் பலம் என்பதால்" என்று பத்தி பத்தியாகப் போகிறது. கடைசியில்தான் "ஆகவே இந்த வலைப்பின்னலில் சேரத் தீர்மானிக்கிறோம்" என்று வருகிறது. அதைச் செய்யப்போவது எந்த அலுவலகம், யார் பொறுப்பு, எவ்வளவு பணம், எதை முதலில் செய்வார்கள் என்று ஒரு வரி கூட இல்லை.

இது ஏன் என்னை உறுத்துகிறது என்றால், எங்கள் தெருவில் ஒரு அஹிஸ்கா துருக்கியக் குடும்பம் (ரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்த துருக்கிய இனத்தவர்) வாடகைக்கு இருக்கிறது. டேட்டன் பகுதியில் இவர்கள் நிறையப் பேர் உண்டு. போன ஜனவரியில் அவர்கள் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் கைக்குழந்தை. அடுப்பைத் திறந்து வைத்து அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நகராட்சியிலேயே வாடகை வீட்டு ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் போன் செய்தால் வருவார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. புகார் கொடுத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. நான்தான் இணையத்தில் தேடி எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினேன். ஆய்வாளர் வந்தார், நன்றாகத்தான் பேசினார், ஹீட்டரும் சரியானது.

ஆக, உதவி ஏற்கெனவே நகராட்சியில் இருக்கிறது. அது அந்த வீட்டு வாசல் வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இந்தத் தீர்மானம் அந்தத் தூரத்தைக் குறைக்குமா, அல்லது வாழ்த்துரையோடு முடிந்துவிடுமா என்பதுதான் என் கவலை.

முதல் வாசிப்பின்போது ஒரு பெரியவர் எழுந்து, "தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, எங்கள் தெருப் பள்ளத்தை இரண்டு குளிர்காலமாக மூடவில்லை, இதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. ஒரு கவுன்சில் உறுப்பினர், "இதில் சேர்ந்தால் நாம் 'சாங்க்சுவரி சிட்டி' (குடியேறியவர்களுக்கு அடைக்கலம் தரும் ஊர்) ஆகிவிடுவோமா? மத்திய அரசுப் பணம் போய்விடுமா?" என்றார். நேராகப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இனி என் நிலைமை. நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தருவது), வேலை அனுமதி அட்டையோடு ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். கணவர் எச்-1பி. கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாது. பேச எழுந்தால் பெயர், முகவரி சொல்ல வேண்டும். வீடியோ யூடியூபில் அப்படியே இருக்கும். "இந்தக் காலத்தில் எதற்கு நம் பெயர் வெளியே வர வேண்டும்?" என்கிறார் கணவர். அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கேள்விகள்: ஓட்டு இல்லாத என்னைப் போன்றவர் பேசலாமா? பேசினால் அதற்கு மதிப்பு இருக்குமா? இப்படி ஒரு வெறும் தீர்மானத்தை ஆதரிப்பதா, திருத்தம் கேட்பதா? இதை நேரில் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வரிசையில்_நிற்பவன் எழுதுகிறார்:

நான் டெக்சாஸ். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி என்பேன்.

நம் பிரச்சினை எதுவும் நகர மன்றத்தில் தீராது. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டு, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற கணக்கு வாஷிங்டனில் போட்டது. என் மகளுக்கு 21 வயது ஆனால் என் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். உங்கள் ஊர் மேயர் கையெழுத்துப் போட்டால் இதில் எது மாறப் போகிறது?

இன்னொன்றையும் யாராவது சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லோரையும் 'குடியேறியவர்கள்' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன. ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு படிவத்தையும் ஒரு நாள் தவறாமல் கொடுத்து, சட்டப்படி காத்திருப்பவர்கள் நாம். எல்லை விவகாரம் சூடாகும் ஒவ்வொரு தடவையும் நம் மேலும் அந்தச் சூடு படுகிறது. நாமாகவே போய் அந்த வரிசையில் நிற்க வேண்டுமா?

2025 மே மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 'சாங்க்சுவரி' ஊர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது ஞாபகம் இருக்கிறதா? "எங்கள் பெயர் எப்படி இதில் வந்தது?" என்று ஷெரீஃப்களே சண்டைக்கு வந்த பிறகு, சில நாட்களில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கவுன்சில் உறுப்பினரின் பயம் கற்பனை அல்ல. ஒரு வார்த்தையைப் பார்த்து ஊரைப் பட்டியலில் போடுகிற காலம் இது.

---

பழைய_டேட்டன் எழுதுகிறார்:

தங்கச்சி, நான் 90களில் டேட்டனுக்கு வந்தவன். இப்போது குடியுரிமை உண்டு, ஓய்வும் பெற்றுவிட்டேன். 2011இல் டேட்டனில் இதே விவாதம் நடந்தபோது நடந்த கலந்துரையாடல்களில் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாங்க்சுவரி விஷயம். இது வேறு, அது வேறு. சாங்க்சுவரி என்று பொதுவாகச் சொல்வது, மத்தியக் குடியேற்ற அதிகாரிகளோடு உள்ளூர்க் காவலும் சிறையும் எந்த அளவுக்கு ஒத்துழைக்கும் என்பதற்கு வரம்பு போடும் சட்டங்களை, கொள்கைகளை. வெல்கமிங் அமெரிக்கா என்பது 2009இல் தொடங்கிய ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு. கட்சி சார்பு இல்லை. டென்னசியில் நடந்த ஒரு முயற்சியிலிருந்து வளர்ந்தது. அதன் வலைப்பின்னலில் சேரும் ஊர் எந்தக் காவல் விதியையும் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. சான்றிதழ் என்பது தனி. அதற்கு வெளியாட்கள் வந்து தணிக்கை செய்வார்கள், நிர்வாகம், கல்வி, பாதுகாப்பு, பொருளாதாரம், சேவைகள் எல்லோருக்கும் எட்டுகின்றனவா என்று துறை துறையாகப் பார்ப்பார்கள். நாட்டிலேயே முதலில் அந்தச் சான்றிதழ் பெற்றது டேட்டன்தான், 2017இல். உங்கள் ஊர் இப்போது பேசுவது சேர்வதைப் பற்றி மட்டும். அதனால் "சாங்க்சுவரி ஆகிவிடுவோமா?" என்ற கேள்விக்கு, "ஆக மாட்டோம், இந்தத் தீர்மானம் எந்த மத்திய, மாநிலச் சட்டத்தையும் மீறவோ மாற்றவோ செய்யாது" என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் தம்பி சொல்கிற ஆபத்துக்கும் ஓரளவு அதுவே மருந்து. கேட்ட உறுப்பினருக்கும் தன் வட்டாரத்து மக்களிடம் போய்க் காட்ட ஒன்று கிடைக்கும்.

அப்புறம் டேட்டன் ஏன் இதைச் செய்தது என்பது. அன்பு மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1960இல் இந்த ஊரின் மக்கள் தொகை 2,62,332. 2010இல் 1,41,527. 2008 டிசம்பரில் பக்கத்து மொரெய்னில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை மூடினார்கள். மறு வருடமே என்சிஆர் (பணப்பதிவு இயந்திரக் கம்பெனி) தன் தலைமையகத்தை ஜார்ஜியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அந்தக் கம்பெனி பிறந்த ஊர் இது. தெருத் தெருவாக வீடுகள் காலி. அதே சமயம் வடக்குப் பக்கத்தில் அஹிஸ்கா துருக்கியர்கள் மலிவாக வீடு வாங்கி, கூரை போட்டு, படி கட்டி, குடியேறிக்கொண்டிருந்தார்கள். 2011 அக்டோபரில் 'வெல்கம் டேட்டன்' திட்டத்தை நகர ஆணையம் ஏற்றுக்கொண்டபோது இந்த இரண்டு காட்சிகளும் எல்லோர் கண் முன்னாலும் இருந்தன. நகராட்சியின் மனித உறவுகள் மன்றம் அதைக் கையில் எடுத்தது. அது ஏற்கெனவே இருந்த அலுவலகம் என்பதைக் கவனியுங்கள். சாட்சிகளிடமும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களிடமும் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை என்று காவல்துறை ஒரு வழிமுறையை வகுத்தது. திருட்டுக் கொடுத்தவன் போலீசுக்கு வரப் பயந்தால் திருடனுக்குத்தானே லாபம்?

எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,37,644. சரிவின் வேகம் மிகவும் குறைந்தது, ஊர் வளரவில்லை. குடியேறியவர்கள் வந்தால் பணம் கொட்டும் என்று கவுன்சிலில் போய் வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மறுப்பார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டையும் மறக்க முடியாது. உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 60,000 பேர் கூட இல்லாத ஊருக்குச் சில ஆண்டுகளில் ஹெய்தியிலிருந்து 12,000 முதல் 20,000 பேர் வரை வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, வந்தார்கள், சட்டப்படி வேலையும் செய்தார்கள். ஆனால் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் போதவில்லை, வாடகை ஏறியது, வேறு ஊர்ச் சாலை விதிகளில் பழகியவர்களுக்கு ஓட்டுநர் பயிற்சி கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் அந்த ஊர் நகர நிர்வாகி வீட்டுப் பற்றாக்குறை பற்றிச் செனட்டர்களுக்குக் கடிதமே எழுதினார். செப்டம்பரில், ஹெய்திக்காரர்கள் நாய் பூனைகளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்ற அந்தப் பொய் நாடு முழுக்கப் பரவி, முப்பதுக்கு மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள், பள்ளிகளையே காலி செய்ய வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ஆளுநர் டிவைன் ஆரம்ப மருத்துவத்துக்காக 25 லட்சம் டாலர் அறிவித்தார், நெடுஞ்சாலைக் காவலர்களையும் அனுப்பினார். அந்த மருத்துவப் பணமும் மொழிபெயர்ப்பாளரும் இரண்டு வருடம் முன்னாலேயே வந்திருந்தால் அந்தப் பொய்க்கு இவ்வளவு எரிபொருள் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் ஊர்ப் பெரியவர் தெருப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டதற்கும் என் பதில் அதுதான்: ஊருக்கு ஆள் வரத்தான் போகிறார்கள், தீர்மானம் போட்டாலும் போடாவிட்டாலும். யார் வருகிறார்கள், என்ன தேவை என்று முன்கூட்டியே கணக்கெடுத்து வைக்க நகராட்சியில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் விஷயம்.

இதனால்தான் உங்கள் ஹீட்டர் கதையை நான் பெரிதாக நினைக்கிறேன். அதைத்தான் நீங்கள் பேச வேண்டும். அந்தக் குடும்பத்தின் பெயரோ தெருவோ வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பிறகு மூன்று காரியம் கேளுங்கள். பொறுப்பான அதிகாரி ஒருவரின் பதவி தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர்த் துண்டிப்பு எச்சரிக்கை, வீட்டு ஆய்வாளர் எண், பனி நாள் பார்க்கிங் தடை, இந்த மாதிரி அறிவிப்புகளை ஊரில் அதிகம் பேசும் நாலைந்து மொழிகளில் தர வேண்டும். ஆறு மாதம் கழித்து என்ன செய்தார்கள் என்று திறந்த கூட்டத்தில் அறிக்கை வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. மொழி விஷயத்தில் "ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் சேவை எட்ட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு வந்த மத்திய ஆணையை 2025 மார்ச்சில் ரத்து செய்துவிட்டார்களே" என்று யாராவது எழுப்பலாம். ரத்தானது உண்மை. ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிசார் உரிமைகள் சட்டம் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) அப்படியே இருக்கிறது, ஒரு நகராட்சி தன் அறிவிப்பை எத்தனை மொழியில் அச்சடிக்கலாம் என்பதை அந்த ரத்து தடுக்கவும் இல்லை.

பேசலாமா என்ற கேள்வி: பேசலாம். பொதுமக்கள் பேசும் நேரத்தில் குடியுரிமைச் சான்று கேட்கும் ஊரை நான் பார்த்ததில்லை. ஓஹியோவின் திறந்த கூட்டச் சட்டம் நம்மைக் கூட்டத்தில் உட்கார வைக்கிறது. பேச நேரம் தருவது அந்தந்தக் கவுன்சில் தன் விதிப்படி செய்வது. அதனால் கிளார்க்கிடம் முன்பே விதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாசிப்புதான் திருத்தத்துக்குச் சரியான நேரம். மாநிலச் சட்டப்படி மூன்று தனித்தனி நாட்களில் வாசிக்க வேண்டும், நான்கில் மூன்று பங்கு பேர் சம்மதித்தால் அதைத் தள்ளி வைத்து உடனே நிறைவேற்றலாம். தனிச் சாசனம் உள்ள ஊரில் விதி மாறும். "அவசரமாக நிறைவேற்றாதீர்கள், மூன்று வாசிப்பும் நடக்கட்டும்" என்று கேட்பதும் நல்லதுதான். எதிர்ப்பவர்களுக்கும் பேச இடம் கிடைக்கும்.

ஓட்டு இல்லாத குரலுக்கு மதிப்பு உண்டா என்றீர்கள். ஓஹியோ நகராட்சிகள் பெரும்பாலும் உயிர் வாழ்வதே சம்பளத்தில் பிடிக்கும் நகர வருமான வரியில்தான். டேட்டனில் 2.5 சதவீதம். உங்கள் சம்பளத்திலிருந்தும் வேலை செய்யும் ஊருக்கு அந்த வரி போகிறது, விசா என்ன என்று கேட்டுப் பிடிப்பதில்லை. அந்தப் பெரியவரின் தெருப் பள்ளத்தை மூடும் பணத்தில் இப்படிப்பட்டவர்களின் சம்பளமும் இருக்கிறது. அதை அவரிடமே மரியாதையாகச் சொல்லலாம்.

---

நூலகத்தோழி எழுதுகிறார்:

பழைய டேட்டன் அண்ணா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், பெயர் வெளியே வருவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பேன். 2025இல் பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் விசா மாணவர்கள் சிலரைக் கைது செய்ததைப் பார்த்தோம். அவை பாலஸ்தீனம் தொடர்பானவை, வாடகை வீட்டு ஹீட்டர் அல்ல, உண்மைதான். பயம் அந்த வித்தியாசத்தைப் பார்த்து வருவதில்லையே. வீட்டில் இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு போங்கள்.

வேறு வழியும் உண்டு. எழுத்தில் கொடுக்கலாம். கிளார்க்குக்கு அனுப்பினால் கவுன்சில் உறுப்பினர்கள் அனைவருக்கும் கொடுப்பார்கள், ஆனால் அதுவும் பொது ஆவணம்தான், கேட்பவர்கள் பார்க்க முடியும். குடியுரிமை உள்ள ஒரு அக்கம்பக்கத்தாரை உங்கள் அனுபவத்தைச் சொல்ல வைக்கலாம். அந்தத் துருக்கிய அம்மாவே விரும்பினால் அவர் மொழியில் அவரே பேசலாம், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்கலாம். அகதிகளாக வந்து குடியுரிமை வாங்கியவர்கள் அவர்களில் நிறைய. அவருக்கு ஓட்டு கூட இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?

ஒரு எச்சரிக்கை, எல்லோருக்கும். செப்டம்பரில் 'வெல்கமிங் வீக்' கொண்டாட்டங்களில் வாக்காளர் பதிவு மேசை போடுவதுண்டு. பிஎம்வி (வாகனப் பதிவு) அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்கும்போதும் கேட்கலாம். நல்ல மனதோடுதான் படிவத்தை நீட்டுவார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் அதில் கையெழுத்துப் போடவே கூடாது. தெரியாமல் 'குடிமகன்' கட்டத்தில் டிக் செய்தாலும் கிரீன் கார்டு கனவு அதோடு போய்விடலாம். யெல்லோ ஸ்பிரிங்ஸ் கிராமம் 2019இல் உள்ளூர்த் தேர்தலில் குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம் என்று முடிவெடுத்தது பலருக்குத் தெரியும், அதனால் இன்னும் குழம்புகிறார்கள். 2022 நவம்பரில் மாநில அரசியலமைப்பையே திருத்தி அந்த வாசலை மூடிவிட்டார்கள். உங்கள் ஊர் தீர்மானத்தில் நிகழ்ச்சி எதுவும் திட்டமிட்டால் இந்த எச்சரிக்கையை அந்தந்த மொழியில் ஒட்டச் சொல்லுங்கள்.

---

பிட்ச்_வேண்டும் எழுதுகிறார்:

கொலம்பஸ் பக்கம் நான். பெரிய விஷயங்களுக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். 2022 ஜூலையிலிருந்து ஓஹியோவில் வீட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி உள்ள நாட்களில் தீபாவளியும் உண்டு, மாநிலச் சட்டத்திலேயே பெயர் போட்டு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நகரமும் தன் எல்லைக்குள் தடை போடலாம். எங்கள் ஊரில் தடை. நாங்கள் போய், தடையை எடுக்கச் சொல்லாமல், பூங்காவில் ஒரு மாலை, தீயணைப்பு வண்டி நிற்க, எல்லோரும் சேர்ந்து வெடிக்க இடம் கேட்டோம். கவுன்சில் யோசிக்கிறோம் என்றது. இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்றைக் கேட்டால் அவர்களால் ஆம், இல்லை என்று சொல்ல முடிகிறது. 'பன்முகத்தன்மை' என்று கேட்டால் கைதட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் கேட்ட கிரிக்கெட் பிட்சும் அந்த 'யோசிக்கிறோம்' வரிசையில்தான் நிற்கிறது.

---

ஓஹியோவாசி எழுதுகிறார்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன், கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

வரிசையில் நிற்பவன் அண்ணா, உங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. நகர மன்றத்தால் அதைத் தீர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் 'நாம் சட்டப்படி வந்தவர்கள்' என்று கோடு கிழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் தெருவில் குளிரில் கிடந்த குழந்தையும் சட்டப்படி வந்த குடும்பத்துக் குழந்தைதான். அப்படி இல்லாமல் இருந்திருந்தாலும் ஹீட்டர் அதே அளவு தேவைதான். வீட்டு ஆய்வாளர் விசா பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

அந்த அம்மாவிடம் நேற்றுப் போய்க் கேட்டேன். அவர் குடியுரிமை பெற்றவர்தான், எனக்குத் தெரியாது! ஊர்த் தேர்தலில் ஓட்டும் போட்டிருக்கிறார். "நான் பேசுகிறேன், ஆனால் என் மொழியில்" என்றார். அவர் மகன் ஹைஸ்கூலில் படிக்கிறான், மொழிபெயர்க்கத் தயாராக இருக்கிறான். ஆனால் பையனை வைத்து மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் கிளினிக்கில் பாட்டியின் வலியைப் பேரன் சொல்ல வேண்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. சில விஷயங்களைப் பிள்ளைகள் காது கேட்கக் கூடாது. அதனால் கிளார்க்குக்கு எழுதி, கூட்டத்துக்கு நகராட்சியே மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறேன். வரவேற்கும் ஊராகப் போவதாகச் சொல்லும் மன்றம் அதே கூட்டத்தில் இதைச் செய்து காட்டலாமே.

நான் பேசப்போவதில்லை, எழுதிக் கொடுக்கப் போகிறேன். கணவரும் சம்மதித்துவிட்டார், அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார். சுருக்கமாக இப்படி:

"இந்த ஊரில் வரி கட்டி வாழும் குடும்பம் நாங்கள். தீர்மானத்தை ஆதரிக்கிறோம், மூன்று திருத்தங்களோடு. ஒன்று, இது எந்த மத்திய, மாநிலச் சட்டத்தையும் மாற்றாது என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டு, சிட்டி மேனேஜர் அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஏற்கெனவே நகராட்சி தரும் சேவைகளின் அறிவிப்புகளை, வாடகை வீட்டு ஆய்வாளர் எண்ணில் தொடங்கி, மொழிபெயர்த்து வாடகை வீடுகள் அனைத்துக்கும் அனுப்புங்கள். மூன்று, ஆறு மாதத்தில் அறிக்கை வையுங்கள். சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் தெருப் பள்ளம் பற்றிக் கேட்டார். அந்த அறிக்கை வரும் அதே கூட்டத்தில் அவர் தெருவின் நிலையையும் சொல்லுங்கள். ஊரின் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் ஒரே நகராட்சிதான்."

கடைசி வரி கொஞ்சம் அலங்காரமாகப் படுகிறதா? எடுத்துவிடலாமா? வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டேன். பட்டுப்புடவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நாலு குடும்பங்கள் இதே திருத்தங்களைத் தனித்தனியாக எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

---

வரிசையில்_நிற்பவன் எழுதுகிறார்:

நான் சொன்னதை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் முதல் திருத்தம் கட்டாயம் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தை, ஹீட்டர் விஷயத்தில் மறுப்பு இல்லை.

---

பழைய_டேட்டன் எழுதுகிறார்:

கடைசி வரியை எடுத்துவிடுங்கள் தங்கச்சி, மற்றது அப்படியே இருக்கட்டும். பெரியவரின் தெருவைச் சேர்த்தது மிகவும் நல்லது. கூட்டத்துக்கு முன்பே அவரைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியுமா?

இன்னும் இரண்டு விஷயம். மொழிபெயர்ப்பாளர் வந்தால் அந்த அம்மாவின் மூன்று நிமிடத்தில் பாதி மொழிபெயர்ப்புக்கே போய்விடும். இரட்டிப்பு நேரம் தருவீர்களா என்று கிளார்க்கிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மேசைக்குப் போன பிறகு கேட்டால் தலைவர் விதியைக் காட்டி மறுக்க வேண்டிய நிலை அவருக்கு வந்துவிடும்.

திருத்தத்தை மக்கள் முன்மொழிய முடியாது, ஒரு கவுன்சில் உறுப்பினர்தான் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். சாங்க்சுவரி கேள்வி கேட்டாரே, அவரிடமே முதல் திருத்தத்தைக் கொண்டு போங்கள். அவர் பெயரில் அது வந்தால் எதிர்ப்பக்கமும் ஓட்டுப் போடும். கூட்டப் பொருள்பட்டியல் தயாராகும் முன்பே போய்ப் பார்க்க வேண்டும், எங்கள் ஊரில் அது வியாழக்கிழமையே முடிந்துவிடும்.